மார்க்கர் பேனாவும் 555 புத்தகமும்

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் ஸ்டோரில் ஒன்பது வருஷம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். விடிவதற்கு முன்பே எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். பாலத்தின் நடுவில் வரும்போதுதான் கடலின் மேல் வெளிச்சம் தட்டும். ஏழு மணிக்கு ஷிப்டு தொடங்கும்.

எங்கள் ஸ்டோருக்குச் சில்லுகள் ரீல் ரீலாக வரும். சிலவற்றை ஈரம் புகாத பையில் அடைத்து அனுப்புவார்கள். அவற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. ஈரத்தால் எவ்வளவு எளிதில் கெடும் என்பதைக் காட்டும் எம்.எஸ்.எல். குறியீட்டில் 3 என்று குறியிட்ட ரீலைப் பையிலிருந்து பிரித்துவிட்டால், 30 டிகிரிக்கு மேல் போகாத சூட்டிலும் 60 விழுக்காட்டைத் தாண்டாத ஈரப்பதத்திலும் வைத்திருந்து, 168 மணி நேரத்துக்குள் போர்டில் ஏற்றிச் சோல்டர் அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். நேரம் தாண்டினால், சில்லின் உடம்புக்குள் ஊறிய ஈரம் அடுப்புச் சூட்டில் ஆவியாகி உப்பி உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படி நேரம் தாண்டிய ரீலைக் குறைந்த சூட்டில் வாட்டி ஈரத்தை எடுத்த பிறகுதான் மறுபடி பயன்படுத்தலாம். அதனால் பையைப் பிரித்த கையோடு அதன் வலது மேல் மூலையில் மார்க்கர் பேனாவால் தேதியையும் மணியையும் எழுதிவிடுவோம். பாதி தீர்ந்த ரீல் உற்பத்தி லைனிலிருந்து திரும்பி வந்தால் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்போம்.

பிறகு சரக்குக் கணக்குக்குப் புதிய கணினி சிஸ்டம் வந்தது. கோலாலம்பூரிலிருந்து ஆலோசகர்கள் வந்து இரண்டு நாள் எங்களோடு உட்கார்ந்தார்கள். நல்லவர்கள், பொறுமையாகக் கேட்டார்கள். சரக்கு வந்தால் என்ன செய்வீர்கள், எங்கே வைப்பீர்கள், லைனுக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று எல்லாம் கேட்டு அழகாகப் படம் வரைந்து காட்டினார்கள். ஸ்டோர் சார்பில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். பரிசோதனை நாளிலும் நான்தான் 'சரி' என்று டிக் அடித்தேன்.

சிஸ்டம் ஓடத் தொடங்கி இரண்டாவது வாரம். லைனிலிருந்து திரும்பிய ரீலை அது வெறும் எண்ணிக்கையாகத்தான் சேர்த்துக்கொண்டது. பழைய சரக்கு முதலில் போகவேண்டும் என்ற விதிப்படி, பிரித்து வைத்த அதே ரீலை மறுநாள் முதல் ஆளாக எடுக்கச் சொன்னது. புதிய பார்கோடு லேபிள் பெரியது. அதை ஒட்டுவதற்கு வசதியான இடம் வலது மேல் மூலைதான். லேபிளின் ஓரத்தில் மை கசிந்திருப்பதைப் பார்த்து, லைனில் இருந்த ஒரு மலாய் அக்கா உரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த தேதி பதினோரு நாள் பழையது. 264 மணி நேரம். அன்று பாதி நாள் லைன் நின்றது.

யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை என்பது உண்மை. நான் சொல்லவில்லை என்பதும் உண்மை. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர் அதைப் போட்டிருப்பதையே மறந்துபோவதுபோல, அந்த மார்க்கர் எழுத்து எனக்கு வேலையின் ஒரு பகுதியாகத் தோன்றவே இல்லை. பல வாரம் அதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் போய் வந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து பேசியும் இவ்வளவு முக்கியமான ஒன்று எப்படி வெளியே வராமல் போனது? அதை வெளியே கொண்டுவருவதற்கு என்று ஒரு வித்தை இருக்கவேண்டுமே?

இருக்கிறது. அதற்குப் பெயர் பிசினஸ் அனலிசிஸ். ஒரு நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது, என்ன மாறினால் யாருக்குப் பலன் என்று கண்டுபிடித்து, அதை நிரல் எழுதுபவருக்கும் பணம் போடுபவருக்கும் புரியும்படி எழுதித் தருவது. இந்தத் துறைக்கென்று கனடாவின் டொராண்டோவில் 2003-இல் ஐ.ஐ.பி.ஏ. என்ற அமைப்பு தொடங்கியது. அவர்கள் வெளியிட்ட பாபோக் என்ற கையேட்டின் மூன்றாம் பதிப்பு 2015-இல் வந்தது. துறையை ஆறு பகுதிகளாகப் பிரித்து, 50 உத்திகளை அதில் விளக்கியிருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் அதைப் பஸ்ஸிலேயே படித்தேன். வறண்ட நடைதான். திட்டமிடல் பற்றிய பகுதியை வேகமாகத் தாண்டிவிடலாம். மனிதர்களிடமிருந்து தேவையை வரவழைப்பது பற்றிய பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். என் மார்க்கர் பேனா அந்தப் பகுதியில்தான் தொலைந்துபோயிருந்தது.

ஆனால் கையேடு ஒரு ஊரில் எழுதப்படுகிறது, வேலை வேறொரு ஊரில் நடக்கிறது. டொயோட்டாவில் பிறந்த 'ஐந்து ஏன்' முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிக்கல் வந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை தோண்டிப் போனால் வேர் கிடைக்கும் என்பார்கள். அதே தொழிற்சாலையில் ஐ.டி. பிரிவுக்கு மாறிய பிறகு, ஸ்டோர் சூப்பர்வைசர் அண்ணனிடம் அதை முயன்று பார்த்தேன். சரக்கு எண்ணிக்கை ஏன் ஒத்துப்போகவில்லை என்று தொடங்கினேன். மூன்றாவது 'ஏன்' வந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "என்னம்மா, என் மேல தப்புன்னு சொல்றியா?" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எனக்கு வேலை கற்றுத்தந்தவர். நம்மிடையே பெரியவரைப் பார்த்து அடுக்கடுக்காக 'ஏன்' கேட்டால் அது விசாரணைதான். வேறு பொருளே வராது.

அடுத்த நாள் தேநீர் நேரத்தில் கேள்வியை மாற்றினேன். "அண்ணே, கடைசியா இப்படி எண்ணிக்கை ஒத்துப்போகாம போனது எப்போண்ணே?"

"போன வியாழன்தாம்மா," என்று தொடங்கியவர் இருபது நிமிஷம் பேசினார். பத்துப் பெட்டிக்கு ஆர்டர். லாரி வந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு, அதில் பன்னிரண்டு பெட்டி. சிஸ்டம் பத்துக்கு மேல் ஏற்காது. டிரைவர் இன்னும் பட்டர்வொர்த்துக்குப் போகவேண்டும், திருப்பி ஏற்ற மாட்டான். வாங்கும் பிரிவில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் இரண்டு பெட்டியை மூன்றாவது அலமாரிக்குப் பின்னால் வைத்து, அட்டையில் எழுதி ஒட்டிவிட்டார். மறுநாள் அவருக்கு லீவு.

'வழக்கமாக என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் மனிதர்கள் விதியைச் சொல்கிறார்கள். 'கடைசியாக எப்போது நடந்தது' என்று கேட்டால் நடந்ததைச் சொல்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் கற்ற எல்லா உத்திகளிலும் இதுதான் எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது. பிசினஸ் அனலிசிஸ் படிக்கப்போகிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், வேறு எதை மறந்தாலும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள்.

படம் வரைவதையும் சொல்லவேண்டும். வேலை ஓட்டத்தை வரைய பி.பி.எம்.என். என்று ஒரு குறியீட்டு முறை இருக்கிறது. அதன் 2.0 பதிப்பு 2011-இல் வந்தது. வட்டம் தொடக்கம், உருண்ட மூலைப் பெட்டி ஒரு வேலை, சாய்சதுரம் முடிவெடுக்கும் இடம். ஒவ்வொரு பிரிவுக்கும் நீச்சல் குளத்தில் இருப்பதுபோல ஒரு தடம். வேலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடங்களில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். நான் பட்டறிந்தது வேறு: கணினியில் வரைந்து, நிறம் கொடுத்து, அச்சடித்துக் கொண்டுபோன படத்தை யாரும் திருத்தவே மாட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஏ3 தாளில் பென்சிலால் கொஞ்சம் கோணலாக வரைந்து மேசையில் விரித்துவைத்தால், "இங்க இல்ல, குடு இப்படி" என்று பென்சிலையே வாங்கிக்கொள்வார்கள். அதனால் முதல் இரண்டு சந்திப்புகளுக்கு நான் இன்றும் பென்சிலோடுதான் போகிறேன்.

அப்புறம், தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல். அனலிஸ்ட்டுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தரவைத் திறந்து பார்க்கத் தெரிந்தே ஆகவேண்டும். சிலெக்ட், வேர், குரூப் பை, ஜாயின் என்று நாலைந்து கட்டளைகள் போதும். படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு கணக்கை ஐ.டி. பிரிவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதலில் திறப்பது ரிமார்க்ஸ் என்ற குறிப்புப் பத்தியைத்தான். சிஸ்டத்தில் இடமில்லாத எதையும் மனிதர்கள் அங்கேதான் எழுதிவைக்கிறார்கள். எங்கள் ஸ்டோரில் அதைக் குரூப் பை போட்டு, ஒரே மாதிரியானவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது 'துங்கு கியூசி' என்பதை ஆளாளுக்கு ஒரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தார்கள். மலாயில் துங்கு என்றால் காத்திருப்பது. தரச் சோதனைக்காகக் காத்திருக்கும் சரக்கு என்று ஒரு நிலையே சிஸ்டத்தில் கிடையாது. அது கைவசம் இருக்கும் சரக்காகவே கணக்கில் நின்றது. விற்பனைப் பிரிவு அதை நம்பி வாடிக்கையாளருக்கு நாள் சொல்லிவிடும், பிறகு ஸ்டோரோடு சண்டை வரும். இரண்டு பிரிவும் ஒருவரையொருவர் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் 'ஸ்டாக்' என்ற ஒரே சொல்லை மூன்று பொருளில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்: கணக்காளருக்கு அது கம்பெனியின் சொத்து, ஸ்டோருக்குத் தரையில் இருப்பது, விற்பனைக்கு இன்றே அனுப்பக்கூடியது. அன்றிலிருந்து எந்த வேலையிலும் முதல் வாரமே ஒரு சொற்பட்டியல் எழுதி எல்லோரிடமும் காட்டிவிடுகிறேன்.

பினாங்கில் இந்தச் சொற்பட்டியலுக்கு இன்னும் அதிக வேலை. ஒரே கூட்டத்தில் முதலாளி ஹொக்கியன் சீனத்தில் பேசுவார், சூப்பர்வைசர் மலாயில் பதில் சொல்வார், லோடு ஏற்றும் அண்ணன் எனக்குத் தமிழில் விளக்குவார், ஆவணம் ஆங்கிலத்தில் போகும். 'போலே' என்று யாராவது சொன்னால் முடியும் என்று எழுதிக்கொள்வது பெரிய தவறு. 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதற்கும் அதே 'போலே'தான். "போலே, எப்போது, யார் செய்வார்கள்?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுவேன்.

இந்த வேலையில் நம் பெயர்கள்கூட ஒரு பாடம். அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால், மகள் என்பதற்கு எ/பி, அதன்பின் அப்பா பெயர். ஆண்களுக்கு, மகன் என்பதற்கு எ/எல். ஒரு மருத்துவ நிலையத்தின் புதிய பதிவு சிஸ்டத்தைப் பரிசோதிக்க உதவிக்குப் போனபோது, என் பெயரை அட்டையில் இருப்பதுபோலவே தட்டினேன். சாய்கோட்டைப் பார்த்ததும் 'தவறான எழுத்து' என்று சிவப்பில் வந்தது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் நகரவும் முடியாது. அப்பா பெயரை அதில் போட்டேன். குறுஞ்செய்தி அப்பா பெயரைச் சொல்லி என்னை வரவேற்றது. என் அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நிரல் எழுதியவர் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை. அவருக்குக் கிடைத்த தேவைக் குறிப்பில் 'பெயர்' என்று ஒரே சொல்தான் இருந்தது. அதைத்தான் சரியாக எழுதித் தரவேண்டும்: பெயருக்கு ஒரே கட்டம், அட்டையில் உள்ளபடி, சாய்கோடும் @ குறியும் ஏற்கப்பட வேண்டும். மலாய், சீனப் பெயர்களில் @ வருவதுண்டு. அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அதனால் அவற்றை நோயாளியிடம் மறுபடி கேட்கவேண்டாம். ஆனால் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்து நம் தொழிற்சாலைகளில் உழைப்பவரிடம் அந்த அட்டை இருக்காது, கடவுச்சீட்டுத்தான் இருக்கும். ஆகவே அந்த எண்ணைக் கட்டாயமாக்கக் கூடாது. இந்த நாலைந்து வரிகளை எழுதினேன். பதிவு மேசையில் பிறகு எத்தனை பேர் தயங்காமல் தங்கள் முழுப் பெயரைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

படிக்கப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. உங்கள் முதலாளி மலேசியாவின் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்பில் பதிவு செய்தவராக இருந்தால், ஊழியர் சம்பளத்தில் ஒரு விழுக்காடு வரை மாதாமாதம் பயிற்சி நிதியாகக் கட்டுகிறார். அது உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பணமல்ல, ஆனால் உங்கள் பயிற்சிக்கான பணம். எச்.ஆர். மேசைக்குப் போய்க் கேளுங்கள். நம் ஆட்கள் பலர் கேட்பதே இல்லை. நானும் ஐந்தாறு வருஷம் கேட்கவில்லை. ஐ.ஐ.பி.ஏ. தரும் சான்றிதழ்களில், அனுபவசாலிகளுக்கான சி.பி.ஏ.பி.க்குப் பத்து வருஷத்தில் 7,500 மணி நேர அனுபவம் காட்டவேண்டும், அதைத் தொடக்கத்திலேயே நினைத்துக் கலங்க வேண்டாம். தொடக்க நிலையினருக்கு இ.சி.பி.ஏ. இருக்கிறது. ஸ்டோரிலோ கவுண்டரிலோ கணக்குப் பிரிவிலோ பத்து வருஷம் நின்றவருக்கு, கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்குத் தெரியாத ஒன்று தெரியும். அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள்.

இப்போது ஜார்ஜ்டவுனில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு வேலை செய்துகொண்டிருக்கிறேன். காரணம் இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனை ரசீதை மின்வடிவில் வரி வாரியத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கும் முறை. வருமான வரி வாரியம் இதை 2024 ஆகஸ்ட் 1-இல், ஆண்டு வியாபாரம் 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தது. கடைக்கார அங்கிள் முதல் நாள் சொன்னது ஒரே வரி: "ஒரு பட்டன அமுக்குனா அவங்களுக்குப் போயிடணும்மா, அவ்ளோதான்."

அது அவர் கேட்டது. அவருக்குத் தேவைப்பட்டது என்ன என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. எழுபது வயதுக்காரர். கடையில் கணினி இருக்கிறது, ஆனால் கடன் கணக்கெல்லாம் கல்லாப்பெட்டிக்குள் இருக்கும் 555 புத்தகங்களில்தான். மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் அதை விளக்கவேண்டாம்: உள்ளங்கை அளவு, அட்டையில் மூன்று ஐந்துகள், 'பூக்கு தீகா லீமா'. என் அம்மாவும் தோட்டத்துக் கடையில் அரிசிக்கும் மாவுக்கும் அந்தப் புத்தகத்தில்தான் கணக்கு வைத்திருந்தார்.

"கடைசியா யார் அங்கிள் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தாங்க?" என்று கேட்டேன். முந்தாநாள் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர், நொறுங்கிப்போன அப்பளம் இரண்டு கட்டு. அங்கிள் புத்தகத்தில் தொகையை அடித்து, குறைத்து எழுதியிருக்கிறார். அவ்வளவுதான், ரசீதே கிடையாது. ஆனால் அந்த அப்பளம் விற்று ஒரு வாரமாகிவிட்டது. இ-இன்வாய்ஸ் வாரியத்தின் சரிபார்ப்பு முடிந்து 72 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்யவோ நிராகரிக்கக் கோரவோ முடியும். அதைத் தாண்டினால், விற்ற தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட்டும் மின்வடிவில் போகவேண்டும். பட்டன் மட்டும் செய்துகொடுத்திருந்தால், ஒவ்வொரு அடித்தலுக்கும் புத்தகம் ஒன்று சொல்லும், வாரியத்திடம் உள்ள கணக்கு வேறொன்று சொல்லும். அங்கிள் ஒரு சென்னுக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர். அவரைப் பொய்க் கணக்குக்காரராக்குகிற சிஸ்டத்தை நான் எழுதிக்கொடுக்கக் கூடாது. திருப்பி வந்த சரக்கு என்று தனித் திரை, இரண்டே தொடுதலில் கிரெடிட் நோட்டு, அங்கிளின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்து என்று எழுதினேன்.

போன வாரம் அவர் புத்தகங்களையே என் கையில் கொடுத்துவிட்டார். போட்டோ எடுக்கக் கூடாது, கடையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன வட்டம். சில மாதங்களில் இருக்கிறது, சில மாதங்களில் இல்லை. தொகைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

"அங்கிள், இந்த வட்டம் கடைசியா யாருக்குப் போட்டீங்க?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த வீட்டுல அந்த மாசம் காசு கேக்கக்கூடாதும்மா," என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதிய சிஸ்டத்தில் மாதம் பிறந்ததும் பாக்கி உள்ளவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் தானாகப் போவதாகத் திட்டம். அன்றிரவு தேவைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: எந்த வாடிக்கையாளருக்கும் நினைவூட்டலைக் குறிப்பிட்ட மாதத்துக்கு நிறுத்திவைக்க முடியவேண்டும், நிறுத்தும் உரிமை கடைக்காரருக்கு மட்டும்.

காலையில் நிரல் எழுதும் தம்பியிடமிருந்து கேள்வி வந்திருந்தது. "அக்கா, நிறுத்துறதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் வைக்கவா? கட்டாயமா நிரப்பணுமா?"

கட்டமே வேண்டாம் என்று பதில் போட்டேன்.